பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பழைய மோட்டார் சைக்கிளைச் சீரமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகளுக்கு 14 வயதாக இருந்தபோது, பல ஆண்டுகளாக ஓடாமல் கிடந்த 100 சிசி மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அவளும் நானுமாக அதைக் கழற்றிப் பூட்டி ஓட வைத்தோம். அதற்கு 20 மாதங்கள் ஆயின. பிறகு மகனோடு இன்னொரு வண்டி. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் பிடித்தது. நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. இவற்றைப் பார்த்துவிட்டு மற்றப் பெற்றோர் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும், சொல்ல மறந்து பிறகு வருந்திய சிலவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வண்டியைச் சேர்ந்து சீரமைத்தால் பிள்ளையோடு நெருக்கம் கூடும் என்பது உண்மைதானா?

என் அனுபவத்தில் உண்மை. ஆனால் அந்த நெருக்கம் நாம் எதிர்பார்க்கும் வழியில் வருவதில்லை. பதின்ம வயதுப் பிள்ளையை எதிரே உட்கார வைத்து, "என்னம்மா ஆயிற்று, ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய்?" என்று கேட்டால், "ஒன்றுமில்லை" என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். அதே பிள்ளை, இருவருடைய கண்களும் துருப்பிடித்த ஒரு நட்டின் மீது பதிந்திருக்கும்போது, யாரும் கேட்காமலேயே தன் தோழியோடு ஏற்பட்ட மனத்தாங்கலைச் சொல்லத் தொடங்குவாள். பேசுவதற்கு வேறொரு வேலை மறைவாக இருக்கிறது. பேச்சு நின்றுவிட்டாலும் அந்த மௌனம் உறுத்துவதில்லை, ஏனென்றால் கைகளுக்கு வேலை இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த வயதில் வீட்டில் பெற்றோர் பேசும் பேச்சில் பெரும்பகுதி மதிப்பெண், தூக்கம், கைப்பேசி ஆகியவற்றைப் பற்றிய தீர்ப்பாகவே அமைந்துவிடுகிறது. வண்டியின் முன்னால் அந்தத் தீர்ப்பு சொல்லும் நாற்காலி நமக்கு இல்லை. வேலை சரியாக நடந்ததா இல்லையா என்பதை எஞ்சின் சொல்லும். அப்பா பாராட்டினாலும் திட்டினாலும் அதற்குக் கவலை இல்லை. பெற்றோரின் முகத்தைப் பார்த்துத் தன் மதிப்பை அளந்து பழகிய பிள்ளைக்கு இது பெரிய விடுதலை.

எனக்கே ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. நான் எப்படித் தொடங்குவது?

தெரியாமல் இருப்பது குறை என்று நினைக்காதீர்கள். இந்த வேலையில் அது வசதி என்றே சொல்வேன். எல்லாம் தெரிந்த தந்தை ஆசிரியராகிவிடுவார், பிள்ளைக்கு மறுபடியும் மாணவர் வேடம்தான் கிடைக்கும். இருவரும் ஒரே பக்கத்தைப் படித்து, ஒரே படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்த வாஷர் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று குழம்பும்போது பிள்ளையின் யோசனைக்கும் நம் யோசனைக்கும் ஒரே எடை இருக்கும். பெரும்பாலும் அவர்களுடைய யோசனையே சரியாக இருக்கும். அவர்களுடைய கண் கூர்மையானது, விரல் சிறியது.

ஆனால் வண்டிக்குரிய பழுதுபார்ப்புக் கையேட்டைக் கட்டாயம் தேடி வாங்குங்கள். தயாரிப்பாளர் மெக்கானிக்குகளுக்காக வெளியிட்ட கையேடாக இருந்தால் மிக நல்லது. அதில் ஒவ்வொரு போல்ட்டையும் எவ்வளவு இறுக்க வேண்டும், வால்வுக்கும் அதை இயக்கும் பாகத்துக்கும் நடுவே விட வேண்டிய வால்வு இடைவெளி எவ்வளவு, தேய்மானம் எந்த அளவைத் தாண்டினால் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் எண்களாக இருக்கும். வாக்குவாதம் வரும்போது இருவரும் அந்த எண்ணுக்குக் கட்டுப்படலாம். அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரை முன்கூட்டியே பழக்கப்படுத்திக்கொள்வதும் நல்லது. எங்களுக்கு உதவிய முதிய மெக்கானிக், கேள்வி என்னுடையதாக இருந்தாலும் பதிலை என் மகளைப் பார்த்தே சொல்வார். அந்த மரியாதை அவளை எவ்வளவு நிமிர வைத்தது என்பதை நான் அருகில் நின்று பார்த்திருக்கிறேன்.

பிள்ளைக்கு வண்டியில் ஆர்வமே இல்லை. வற்புறுத்தலாமா?

கூடாது. முதலில் நீங்கள் தனியாகத் தொடங்குங்கள். கொட்டகைக் கதவு திறந்திருக்கட்டும். "இந்த விளக்கைக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறாயா?" என்று உண்மையிலேயே மூன்றாவது கை தேவைப்படும் நேரத்தில் மட்டும் கூப்பிடுங்கள், இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுங்கள். என் மகன் முதல் இரண்டு மாதம் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் தலையை நிமிர்த்தாமலேயே, "அப்பா, அதைத் தலைகீழாக மாட்டுகிறீர்கள்" என்றான். அவன் சொன்னது சரி. அன்று முதல் அவன் படியிலிருந்து இறங்கி உள்ளே வந்துவிட்டான்.

எல்லாப் பிள்ளைகளும் அப்படி வரமாட்டார்கள். வராவிட்டால் வண்டியை விட்டுவிட்டு, அவர்களுக்குப் பிடித்த வேறொரு பொருளைத் தேடுங்கள். பழைய மிதிவண்டி, தையல் இயந்திரம், வானொலிப் பெட்டி என்று எதுவாகவும் இருக்கலாம். மோட்டார் சைக்கிள் உங்கள் இளமைக்கால ஆசையாக இருந்து, அதைப் பிள்ளையின் தலையில் கட்டுகிறீர்களா என்பதை மட்டும் மனசாட்சியோடு யோசித்துப் பாருங்கள்.

எந்த வகை வண்டியைத் தேர்ந்தெடுப்பது?

காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர் வண்டி, 50 முதல் 200 சிசிக்குள், கிக்கர் உள்ளது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் உள்ளது. முதல் வண்டிக்கு இதைத் தாண்ட வேண்டாம். இத்தகைய எஞ்சினை இருவர் தூக்கி மேசையில் வைத்துவிடலாம். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, அது என்ன செய்கிறது என்று விளக்கவும் முடியும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வுகள் இல்லாததால் பாகங்கள் குறைவு, கழற்றுவது எளிது. நான்கு ஸ்ட்ரோக்கில் வால்வு, அதைத் திறக்கும் கேம், அது திறந்து மூடும் நேரமான டைமிங் என்று கற்க நிறைய இருக்கிறது. பொறுமையுள்ள பிள்ளைக்கு நான்கு ஸ்ட்ரோக்கையே பரிந்துரைப்பேன்.

பெருமளவில் விற்ற மாதிரியையே தேடுங்கள். பாகங்கள் கிடைப்பது அதைப் பொறுத்தது. ஹோண்டாவின் சூப்பர் கப் வரிசை 1958இல் தொடங்கி 2017இல் 10 கோடி வண்டிகளைத் தாண்டியது. அத்தகைய வண்டிக்கு ஒரு சிறு ரப்பர் வளையம்கூட எங்கேயாவது கிடைத்துவிடும். அபூர்வமான வண்டி கண்ணுக்கு அழகு. ஆனால் கசிவைத் தடுக்கும் ஒரு கேஸ்கெட் தகட்டுக்காக ஏழு மாதம் காத்திருக்க நேர்ந்தால் 15 வயதுப் பிள்ளையின் ஆர்வம் அதற்குள் வேறெங்கோ போய்விடும்.

ஓடாத வண்டியாக இருக்கலாம். பாகங்கள் குறையும் வண்டியாக இருக்கக் கூடாது. வேறு யாரோ கழற்றிப் பெட்டியில் போட்டு வைத்த வண்டியைத் தொடவே வேண்டாம். அந்தப் பெட்டிக்குள் எது இல்லை என்பது கடைசி மாதத்தில்தான் தெரியும். வண்டியின் சட்டகத்தில் (சேஸிஸ்) பொறித்த எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்களோடு பொருந்துகின்றனவா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் சரிபாருங்கள். இதைப் பிள்ளையின் வேலையாகவே கொடுக்கலாம்: துருவைத் துணியால் தேய்த்து எண்ணை அவர்கள் வாசிக்கட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை தொடங்கும் முன் என்ன ஏற்பாடு தேவை?

ஒரு பெட்டி ஸ்பேனர், சாக்கெட் தொகுதி, நல்ல திருப்புளிகள், மெல்லிய இடைவெளிகளை அளக்கும் ஃபீலர் கேஜ், இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச், மின்சாரத்தைச் சோதிக்கும் மல்டிமீட்டர் ஆகியவை போதும். மற்றவற்றைத் தேவைப்படும்போது வாங்கலாம். திருப்புளியில் மட்டும் ஓர் எச்சரிக்கை. பழைய ஜப்பானிய வண்டிகளின் கூட்டல் குறித் திருகுகள் அந்நாட்டு அளவில் செய்யப்பட்டவை. வழக்கமான ஃபிலிப்ஸ் திருப்புளி அவற்றில் முழுதாக உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். அதற்குரிய ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) திருப்புளியும், சுத்தியலால் தட்டினால் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவரும் இருந்தால் பாதி அழுகை மிச்சம். பழைய பிரிட்டிஷ் வண்டியாக இருந்தால் மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் பொருந்தா. அங்குலக் கணக்கிலும் விட்வொர்த் என்னும் பழைய பிரிட்டிஷ் அளவிலும் தனியாக வேண்டும்.

பிள்ளைக்கென்று சொந்தமாக ஒரு சிறு கருவிப் பெட்டி வாங்கிக் கொடுங்கள். அதிலிருந்து நீங்கள் எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.

கழற்றிய பாகங்களைக் குழப்பாமல் வைப்பது எப்படி?

ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுப்பது, பாகங்களைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுதுவது ஆகியவை எல்லோரும் சொல்லும் அறிவுரைகள், இரண்டும் நல்லவை. அதோடு என் மகள் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்கிறேன். எஞ்சின் பக்கவாட்டு மூடியில் 9 திருகுகள் இருந்தன, நீளம் வெவ்வேறு. அவள் ஒரு பழைய அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதன் மேல் மூடியின் உருவத்தைப் பென்சிலால் வரைந்து, திருகு இருந்த இடங்களில் எல்லாம் பேனாவால் துளையிட்டு, கழற்றிய ஒவ்வொரு திருகையும் அதே துளையில் குத்தி வைத்தாள். 11 மாதம் கழித்து அந்த அட்டையை எடுத்தபோது திருகுகள் எல்லாம் தத்தம் இடத்தில் நின்றன. நீளமான திருகைக் குட்டையான துளையில் இறுக்கினால் அலுமினிய மூடி விரிசல் விடும். அந்த ஆபத்தை ஒரு கிழிந்த அட்டை தடுத்துவிட்டது. அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது.

வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது? சுத்தம் செய்வதைப் பிள்ளையிடம் கொடுக்கலாமா?

அழுக்கு வேலையைப் பிள்ளைக்கும் நுட்பமான வேலையைத் தமக்கும் ஒதுக்கிக்கொள்ளும் பெற்றோர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வாரத்தில் பிள்ளை காணாமல் போய்விடும். கூலியாளாக இருக்க யாருக்குத்தான் பிடிக்கும்? அழுக்கை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். நுட்பமான வேலையில் பெரும்பங்கு பிள்ளைக்குப் போக வேண்டும்.

கார்புரேட்டர் அதற்கு மிகப் பொருத்தமானது. உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள். ஆனால் உள்ளே மிதவை, ஊசி, பெட்ரோல் புகும் நுண்துளை கொண்ட சிறிய ஜெட், பெரிய ஜெட் என்று ஒரு தனி உலகம். பெட்ரோல் பல ஆண்டுகள் தங்கி ஆவியானால் அரக்கு போன்ற ஒரு படிவை விட்டுச் செல்லும். சிறிய ஜெட்டின் (ஐடிலிங் ஜெட்) துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் அந்தப் படிவே அதை அடைத்துவிடும். எஃகுக் கம்பியால் குத்தக் கூடாது; ஜெட் பித்தளை, மென்மையானது, துளை பெரிதானால் அளவு கெட்டுவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊற வைத்து, மின்கம்பிக்குள் இருக்கும் மெல்லிய செப்பு இழை ஒன்றால் மெதுவாகத் துழாவ வேண்டும். என் மகள் நான்கு மாலைகள் அதோடு போராடினாள். ஐந்தாவது மாலை அதை விளக்கை நோக்கி உயர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் என் கையில் கொடுத்தாள். நானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது.

பிள்ளை திணறும்போது நாமே செய்து முடித்துவிடலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதுகிறேன். நான் அந்தத் தவற்றைச் செய்தவன்.

என் மகன் பின்சக்கரத்துக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தான். 36 ஸ்போக் கம்பிகள். உள்ளிருந்து வருபவை, வெளியிலிருந்து வருபவை என்று இரண்டு வகை. ஒரு கம்பி ஒரு துளை தள்ளிப் போனாலும் கடைசியில் எல்லாமே பொருந்தாமல் நிற்கும். இரண்டு முறை கோத்து, இரண்டு முறை பிரித்தான். மூன்றாம் முறையும் தவறியபோது, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தூங்கப் போனான். எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்து மகிழ்வான் என்று நினைத்து, நள்ளிரவு வரை உட்கார்ந்து நானே கோத்து முடித்து, சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அவன் காலையில் வந்தான், பார்த்தான், கையில் இருந்த துணியை மேசை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். மூன்று வாரம் அந்தப் பக்கமே வரவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை, அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அவன் முயற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதை அந்தச் சக்கரம் அவனுக்குச் சொல்லிவிட்டது. பிறகு அவனிடம், "நான் செய்தது தவறு, அது உன் சக்கரம்" என்று சொன்னேன். அவன் கண்முன்னே கம்பிகளை இறுக்கும் 36 நிப்பிள்களையும் தளர்த்திக் கம்பிகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டேன். சில நாள் கழித்து அவன் பெட்டியைத் திறந்தான். அந்த முறை சரியாக வந்தது. பல கையேடுகள் சக்கரத்தின் கோணலுக்கு 2 மி.மீ. வரை எல்லை வைத்திருக்கின்றன. அவன் 1 மி.மீ.க்கும் குறைவாகக் கொண்டுவந்துவிட்டுத்தான் எழுந்தான்.

ஆகவே, பிள்ளை இல்லாத நேரத்தில் வண்டியின் எந்த வேலையும் முன்னேறக் கூடாது என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். பிரேக், சக்கரம், ஹேண்டில் போன்ற உயிர் சார்ந்த இடங்களைக் கடைசியில் நீங்கள் சரிபார்க்கத்தான் வேண்டும். அதையும் பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது, "நான் செய்த வேலையை நீ பார், நீ செய்ததை நான் பார்க்கிறேன்" என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

பிள்ளை ஒரு பாகத்தை உடைத்துவிட்டால் என்ன சொல்வது?

முதல் பத்து வினாடி எதுவும் சொல்லாதீர்கள். அந்தப் பத்து வினாடியில் நம் முகம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை பள்ளியிலோ வெளியிலோ ஏதாவது தவறு நேர்ந்தால் நம்மிடம் சொல்லலாமா வேண்டாமா என்பதை அந்த முகத்தை வைத்தே முடிவு செய்யும்.

எங்கள் வண்டியில் முதலில் கெடுத்தவன் நான்தான். எண்ணெய் வடிக்கும் போல்ட்டை டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை வேகத்தில் இறுக்கினேன். அலுமினியத்தில் மரை உருவிக்கொண்டு வந்துவிட்டது. மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கெட்ட மரையைப் பெரிதாகத் துளைத்து, புது மரை வெட்டி, அதற்குள் கம்பிச்சுருள் மரை ஒன்றைத் திருகி வைக்கும் முறை உண்டு. அதை இருவருமாகக் கற்றுக்கொண்டோம். மூன்று மாதம் கழித்து அவள் தலையில்லாத ஸ்டட் போல்ட் ஒன்றை முறித்தபோது, என்னிடம் ஓடிவந்து, "அப்பா, என் முறை வந்துவிட்டது" என்றாள். பெற்றோர் தம் தவற்றை முதலில் ஒப்புக்கொண்டால் பிள்ளைக்குப் பாதை திறந்துவிடுகிறது.

முறிவைத் தவிர்க்கும் வழியையும் சொல்லிக் கொடுங்கள். துருப்பிடித்த போல்ட்டுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் எண்ணெயை நன்றாகத் துடைத்து, பக்கத்தில் பெட்ரோல் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கலாம். சூட்டில் அலுமினியம் எஃகைவிடச் சுமார் இரண்டு மடங்கு விரிவதால் பிடி தளரும். பள்ளிப் பாடத்தில் வாசித்த வெப்ப விரிவு கையில் விளங்கும் நேரம் அது. தனியாக விளக்கவுரை தேவையில்லை.

ஆபத்தான வேலைகள் எவை?

பயமுறுத்த விரும்பவில்லை, ஆனால் சிலவற்றில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு பரவி, தூரத்தில் எரியும் சிறு சுடரைக்கூடத் தேடிப் போய்ப் பற்றும். ஆகவே டேங்கைத் திறந்தவெளியில்தான் காலி செய்ய வேண்டும். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது, ஏனெனில் உள்ளே இருப்பது முழுதும் ஆவி; அதற்கு வெல்டிங் செய்யும் வேலையை அனுபவசாலியிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். டேங்கின் உள்துருவுக்கு சிட்ரிக் அமிலக் கரைசலை ஊற்றி ஊற வைத்து, பிறகு சலவை சோடா கரைத்த நீரால் அலசி, உடனே உலர்த்துவது நல்ல முறை. கரைசலில் மின்சாரம் செலுத்தித் துருவை நீக்கும் மின்பகுப்பு முறையைக் கையாண்டால் எவர்சில்வர் துண்டைப் பயன்படுத்தாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாகக் கரைசலில் சேரும். அதோடு ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் அதையும் வெளியில்தான் செய்ய வேண்டும்.

மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட விடக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மில் உள்ள தூளை வாயால் ஊதவோ காற்றழுத்தத்தால் அடிக்கவோ கூடாது, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைப் பையில் கட்டிவிட வேண்டும். கம்பித் தூரிகை சுழலும்போது இருவர் கண்ணிலும் கண்ணாடி இருக்க வேண்டும், வேடிக்கை பார்ப்பவர் உட்பட. எஞ்சின் ஓடும்போது செயினைத் துடைக்கவே கூடாது. பல் சக்கரத்துக்கும் செயினுக்கும் இடையே துணி சிக்கினால் விரலும் சேர்ந்து போகும். இதை மட்டும் நான் பிள்ளைகளிடம் கடுமையான குரலில் சொன்னேன். மற்ற எதற்கும் குரல் உயர்த்தாமல் இருந்ததால் அது அவர்கள் மனத்தில் நின்றது என்று நினைக்கிறேன்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம்?

வாரம் ஒருமுறை, இரண்டு மணி நேரம். அலுப்பு வருவதற்குள் நிறுத்துவதும், அடுத்த முறை எங்கே தொடங்குவது என்று தெரிந்த இடத்தில் நிறுத்துவதும் நல்லது. விடியற்காலையில் எழுப்பாதீர்கள், இந்த வயதில் உடலின் தூக்கக் கடிகாரமே தள்ளிப் போகிறது, அது சோம்பல் இல்லை. தேர்வுக் காலத்தில் வண்டியை மூடி வைத்துவிடலாம். ஆனால் மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனையாக வண்டி வேலையை ஒருபோதும் பறிக்காதீர்கள். பறித்தால் அதுவும் நம் கட்டுப்பாட்டுக் கருவிகளில் ஒன்றாகிவிடும், பிறகு அங்கே மனம் திறந்த பேச்சு வராது.

அங்கே கேட்டதை வைத்து அறிவுரை சொல்லலாமா?

அந்த இடத்திலேயே வேண்டாம். பிள்ளை ஏதோ கனமான விஷயத்தைச் சொன்னால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு முழுதாகத் திரும்பிப் பார்க்கத் தோன்றும். அப்படித் திரும்பினாலே பேச்சு நின்றுவிடும். வேலையைத் தொடர்ந்தபடி, "பிறகு?" என்று மட்டும் கேளுங்கள். பாதுகாப்பு சார்ந்த விஷயமாக இருந்தால் வேறு. மற்றபடி அங்கே கேட்டதை உணவு நேரத்தில் எல்லோர் முன்னும் எடுத்துப் போடுவது நம்பிக்கைத் துரோகம்.

எல்லாம் பூட்டியும் எஞ்சின் உயிர் பெறவில்லை. பிள்ளை சோர்ந்துவிட்டான். என்ன செய்வது?

சீரமைப்பில் மிகவும் கசப்பான மாலை அதுதான். மிகவும் பயனுள்ள மாலையும் அதுவே. எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: எரிபொருளும் காற்றும் சரியான கலவையில், சரியான நேரத்தில் தீப்பொறி, போதிய அழுத்தம். மூன்றையும் ஒரே நேரத்தில் நோண்டாமல் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வர வேண்டும்.

முதலில் தீப்பொறி. பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அதன் உலோக உடல் எஞ்சின் உலோகத்தில் படும்படி, ஆனால் பிளக் துளையிலிருந்தும் பெட்ரோலிலிருந்தும் தள்ளி வைத்து, கிக்கரை உதைத்தால் பொறி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பிளக் இடைவெளியை அளந்து பாருங்கள். பல வண்டிகளில் அது 0.6 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கும். பழைய வண்டியில் அடுத்த சந்தேகம், பொறிக்கான மின்சுற்றைத் திறந்து மூடும் காண்டாக்ட் பாயின்ட். அதன் முகப்பு கருத்திருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, 0.3 முதல் 0.4 மி.மீ. இடைவெளி வைக்க வேண்டும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். பொறி நன்றாக இருந்தால் பிளக்கின் முனையைப் பாருங்கள்: பலமுறை உதைத்தும் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்திருந்தால் அளவுக்கு மீறி வருகிறது. கடைசியாக அழுத்தம், கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கலாம். நான்கு ஸ்ட்ரோக்கில் அழுத்தம் குறைந்தால், பிஸ்டன் உச்சியில் நின்று இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும்.

இதைப் பிள்ளையே ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு போகட்டும். எங்கள் வண்டி 23 நாள் மறுத்தது. கடைசியில் பார்த்தால், டேங்க் மூடியின் காற்றுத்துளை பெயின்ட்டால் அடைபட்டிருந்தது. காற்று உள்ளே போகாததால் பெட்ரோல் கீழே இறங்கவில்லை. அந்தப் பெயின்ட்டை அடித்தவன் நான்; கண்டுபிடித்தவள் மகள்.

மகள் இந்த வேலைக்கு ஏற்றவளா என்று உறவினர் கேட்கிறார்கள்.

ஏற்றவள். நிறையக் கழற்றியும் பூட்டியும் பார்த்துவிட்டேன், ஆண் கை, பெண் கை என்று நட்டுக்குத் தெரிவதில்லை.

பாதியில் நின்றுவிட்டால்?

நின்றுபோகட்டும். சில மாதம் ஓய்வு கொடுங்கள், ஆனால் வண்டியைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். திரும்பும்போது பெரிய வேலையில் தொடங்காமல் ஒரே மாலையில் முடியும் சிறு வேலையில் தொடங்குங்கள்: கிளட்ச் கேபிளுக்கு எண்ணெய் விடுவது, விளக்கை எரிய வைப்பது. முழு வண்டியை முடிக்காமலேயே பிள்ளை வீட்டைவிட்டுப் படிக்கப் போய்விட்டாலும், சேர்ந்து கழித்த அந்த மாலைகளை யாரும் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது.

முடிந்த வண்டி யாருக்குச் சொந்தம்? யார் ஓட்டுவது?

யாருக்குச் சொந்தம், பிறகு விற்பதா வைத்துக்கொள்வதா என்பதை முதல் திருகைக் கழற்றும் முன்பே பேசிவிடுங்கள். இந்த ஒப்பந்தம் இல்லாமல் தொடங்கிக் கடைசியில் மனம் கசந்த வீடுகளை எனக்குத் தெரியும். என் மகள் தன் வண்டியை விற்கத் தீர்மானித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் முடிவு அவளுடையது என்று நான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஓட்டுவதற்கு உரிய வயதும் உரிமமும் வரும்வரை பொதுச் சாலையில் பிள்ளை ஓட்டக் கூடாது. தானே செய்த வண்டி என்பதால் இதில் சலுகை இல்லை. இந்த விதியையும் முதல் நாளே சொல்லிவிட்டால் பிறகு சண்டை வராது. தலைக்கவசமும் கையுறையும் கணுக்காலை மூடும் காலணியும் வண்டிப் பாகங்களின் பட்டியலிலேயே சேரட்டும்.

முதல் ஓட்டத்துக்கு முன் டயரைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டுக்குப் பிந்தைய டயர்கள் பலவற்றின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும். டயரின் மேல்வரிகள் தேயாமல் இருந்தாலும் வயதான ரப்பர் இறுகிப் பிடிமானம் இழந்திருக்கும், ஆகவே புது டயர் போட்டே ஆக வேண்டும். பிரேக், ஸ்டியரிங், சக்கர நட்டுகள், செயின் தொய்வு ஆகியவற்றை இருவரும் தனித்தனியாகச் சரிபார்த்து, பிறகு தாள்களை ஒப்பிட்டுப் பாருங்கள். செயின் தொய்வு பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. வரை, அதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். புது பிஸ்டன் ரிங் போட்ட எஞ்சினை முதல் சில நூறு கிலோமீட்டர்வரை ஆக்ஸிலரேட்டரை அதிகம் முறுக்காமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் பழக்க வேண்டும். அது முடிந்ததும் எண்ணெயை மாற்றி, வால்வு இடைவெளியை மறுபடி அளக்க வேண்டும். ஃபீலர் கேஜைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நீங்கள் விளக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.